சக்கரமே இல்லாம கையாலயே மண்பாத்திரம் செய்யறதுல அப்படி என்ன இருக்கு?

பிள்ளையார் சதுர்த்திக்கு கொழுக்கட்டை சொப்பு பிடிச்சிருக்கீங்களா? கட்டை விரலை நடுவுல அழுத்தி, மத்த விரலால சுத்திக்கிட்டே ஓரத்தை மெலிசாக்குவோம்ல, மண் உருண்டையை இப்படி அழுத்திப் பாத்திரமாக்கற பிஞ்ச் பாட் முறையும் அச்சு அசல் அதேதான். களிமண்ணை முதல் தடவை தொட்டப்பவே எனக்கு அது தெரிஞ்ச வேலையா இருந்துச்சு, அம்மா சொல்லிக் குடுத்தது. மண்ணை கயிறா உருட்டி வளையம் வளையமா அடுக்கினா அதுக்குப் பேரு 'காயில்' (coil) முறை, சப்பாத்திக் கட்டையால தேச்சு வெட்டி ஒட்டினா 'ஸ்லாப்' (slab) முறை.

சக்கரத்துல உக்காந்தா அது சுத்தற வேகத்துக்கு நம்ம கை ஓடணும், வர்றதும் வட்டமாத்தான் வரும். கையால செய்யறப்ப பாதியில பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிட்டு நாளைக்கு வந்து தொடரலாம், சொல்லப்போனா பெரிய சாமான்னா அப்படி விட்டே ஆகணும், கீழ இருக்கற சுவர் இறுகினாத்தான் மேல வர்ற எடையைத் தாங்கும். புதுக்கோட்டைப் பக்கம் வேளார்கள்னு சொல்ற குயவர்கள் செய்யற அய்யனார் குதிரையும் இப்படித்தான், முதல்ல நாலு காலை நிறுத்தி, அது இறுகினப்புறம் வயிறு, கழுத்து, தலைன்னு ஏத்துவாங்க, உள்ள முழுக்கக் கூடு. புரவி எடுப்புத் திருவிழா அன்னிக்கு ஊரே அதைத் தோள்ல தூக்கிட்டு அய்யனார் கோயிலுக்குப் போறப்ப எனக்கு இப்பவும் சிலிர்க்கும், அத்தனையும் விரலும் பொறுமையும் செஞ்சது.

பொறுமை இல்லன்னா என்ன ஆகும்னும் பார்த்துட்டேன். என் முதல் ஜாடிக்கு அடியை தடிமனா விட்டுட்டேன், வெளிய காஞ்சிருந்தாலும் உள்ள ஈரம், சூளையில 100 டிகிரி தாண்டினதும் அது ஆவியாகி ஜாடியையே உடைச்சிடுச்சு. ரொம்ப நாள் மனசு ஆறல. இப்பல்லாம் சுவர் எல்லா பக்கமும் ஒரே கனமா இருக்கான்னு விரலாலயே தடவிப் பார்ப்பேன், ஒரு வாரத்துக்குக் குறையாம காய விடுவேன்.

ஆனா எனக்கு இதுல உசத்தின்னு படறது வேற. அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, டம்ளரைப் பிடிக்கவே கஷ்டம். அவங்களை ஈர மண்ணு கப்பை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிஞ்ச இடத்தை அப்படியே பள்ளமா வச்சு சுட்டேன். மண்ணு காஞ்சு சுடறதுக்குள்ள சுமாரா நூத்துக்கு 10 பங்கு சுருங்கும், அதை நான் கணக்குல எடுத்துக்கல, பள்ளம் இறுக்கமாப் போச்சு. ரெண்டாவது கப்பை கொஞ்சம் பெருசா செஞ்சேன். காலையில காபி அதுலதான் குடிக்கறாங்க, ஒரு கையாலயே.