கைக்கு அடக்கமான வீட்டு பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

பட்ஜெட் போட்டால் மாதப் பாதிக்குள் குலைந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதாரித்தனம் இல்லை. மாதாமாதம் வராத செலவுகளுக்கு பட்ஜெட்டில் இடமே ஒதுக்காததுதான்.

காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், நெருங்கியவர் வீட்டு விசேஷம் எதுவுமே திடீர்ச் செலவு அல்ல. வருஷம் தவறாமல் வருகிறவைதான், ஆனால் வந்து நிற்கும்போதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. அதனால் முதலில் கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, இந்தச் செலவுகளை மட்டும் பொறுக்கி எழுதுங்கள். மொத்தம் 60,000 என்றால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே பாதி நெருக்கடி தீரும் என்பது என் அனுபவம். முதல் வருஷம் கொஞ்சம் இடிக்கும். மூன்று மாதத்தில் வரப்போகும் செலவை மூன்றால்தானே வகுக்க முடியும்.

அப்புறம் வாடகை, கடன் தவணை, பில்கள், சேமிப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தை வாரக் கணக்காக மாற்றுங்கள். நான்கால் வகுக்காதீர்கள், அது 28 நாளுக்குத்தான் வரும். 31-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். மிச்சம் 31,000 என்றால் வாரம் 7,000. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஒரே எண்ணைத்தான். இருபது தலைப்பு போட்டு ஒவ்வொரு பில்லையும் எழுதத் தேவையில்லை. ஒரு வாரம் கூடிப்போனால் அடுத்த வாரமே இழுத்துப் பிடிக்கலாம்.

தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். வாடகையும் தவணையுமே பாதிச் சம்பளத்தைத் தாண்டும் வீட்டில் அது பொருந்தாது, அதற்காக மனம் நோக வேண்டாம். சேமிக்க 5 சதவீதம்தான் முடிகிறது என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

வீட்டில் இருவர் செலவு செய்கிறீர்கள் என்றால் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகையை, எதற்கு என்று யாரும் கேட்காத பணமாக, கட்டாயம் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஒளித்துச் செலவு செய்யும் பழக்கம் வந்துவிடும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறதா? கடந்த வருஷத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். கூடுதலாக வருவது முதலில் அந்தத் தனிக் கணக்குக்குப் போகட்டும்.