ஜீப்பின் ஹார்ட் டாப்பை, அதாவது கெட்டியான மேல்கூரையை, வீட்டிலேயே கழற்ற முடியுமா? கழற்றினால் எங்கே, எப்படி வைப்பது?

தாராளமாக முடியும். கழற்றுவது ஒரு மணி நேர வேலை. வைப்பதில்தான் நான் ஒரு டாப்பையே கோணலாக்கினேன். அதனால் பதிலில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான் இருக்கும்.

என்னுடையது 2016 மஹிந்திரா தார் ஜீப். அந்தக் காலத்துத் தார் கம்பெனியிலிருந்து கான்வாஸ் கூரையோடுதான் வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஃபைபர் ஹார்ட் டாப் போட்டிருந்தார். 2020 அக்டோபரில் வந்த புதுத் தார் வேறு கதை. அதில் கம்பெனியே ஹார்ட் டாப் தந்தது, திறந்த கூரை வேண்டுமென்றால் அதற்குத் தனி மாடல் வந்தது. நான் சொல்வதெல்லாம் வெளியே போட்ட ஃபைபர் டாப்புக்கு.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு. முதல் வருஷம் பிப்ரவரியில் டாப்பைக் கழற்றி, காம்பவுண்டு சுவரில் நெட்டுக்குத்தலாகச் சாய்த்து, மேலே நீல தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். இந்த ஊரில் ஏப்ரல் கடைசியிலேயே சாயங்கால மழை பிடித்துக்கொள்ளும். அவசரமாக எடுத்து மாட்டப் போனால், இடதுபக்க போல்ட் ஓட்டைகள் சரியாக உட்கார்ந்தன. வலதுபக்கம் ஒரு அங்குலம் வெளியே நிற்கிறது. கயிறு போட்டு இழுத்து, முழங்காலால் தள்ளி, எப்படியோ போல்ட்டை இறக்கினோம். ஒரே வாரத்தில் இரண்டு ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். அந்த மழைக்காலம் முழுக்கப் பின்சீட்டில் ஒழுகியது. என் மாமியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஃப்ரேசர் டவுன் வரை வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காரணம் எளிது. டாப் என்பது அடிப்பலகை இல்லாத பெட்டி. வண்டிமேல் இருக்கும்வரை வண்டியின் பாடிதான் அதை உருக்குலையாமல் பிடித்து வைத்திருக்கிறது. இறக்கிவிட்டால் இரண்டு பக்கச் சுவர்களும் அந்தரத்தில் நிற்கின்றன. ஃபைபரைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் என்ற பிசின் மார்ச் வெயிலில் சூடேறி இளகும், தன் எடையிலேயே மெல்ல மெல்ல அகலும். அப்படியே அந்த வடிவத்துக்குப் பழகிவிடும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் தருமபுரிக்கார ஆசாரி ஒருவர், அலமாரி வேலைக்கு வந்தவர். வண்டியைப் பார்த்துவிட்டு, "சார், கழட்றதுக்கு முன்னாடி அளவு எடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். டாப்பின் உள் அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்தில் டேப் பிடித்து, கையில் இருந்த ரீப்பர் (மெல்லிய நீள மரச்சட்டம்) கட்டையிலேயே எழுதிக்கொண்டார். அதே அளவுக்கு மூன்று ரீப்பர் அறுத்து, ஓரத்தில் 'மு', 'ந', 'பி' என்று குறித்தார். இறக்கினவுடனே, வண்டியில் போல்ட் ஏறும் அதே ஓட்டைகளில் இந்தக் கட்டைகளைப் பூட்டிவிட வேண்டும். அவ்வளவுதான், வண்டி செய்த வேலையை ரீப்பர் செய்யும். ஆனால் என் டாப் ஏற்கெனவே விரிந்துபோனது, அதன் அளவை நம்ப முடியாது. அதனால் விரிசலை அடைத்து, வண்டியின் பாடியை அளந்து கட்டை வெட்டினோம்.

கப்பி போட்டு போர்ட்டிகோ கூரையில் தொங்கவிடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். செயின் பிளாக் (சங்கிலியால் எடை தூக்கும் கப்பி) விலை கேட்க நானும் எஸ்.பி. ரோடு போனேன். வாங்குமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி உயரம் 6 அடி 4 அங்குலம். டாப்பின் அடிவிளிம்பு, சீட்டுகளுக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்புக் குழாயான ரோல் பாரைத் தாண்டி மேலே வந்தால்தான் வண்டியை வெளியே எடுக்க முடியும். அதற்கு இன்னும் இரண்டரை அடி தூக்க வேண்டும். கொக்கி, சங்கிலிக்கு ஒரு அடி. கிட்டத்தட்ட 10 அடி ஆயிற்று. என் போர்ட்டிகோ 9 அடி. உங்களுடையது உயரம் என்றால் செய்யுங்கள், ஆனால் ஆங்கர் போல்ட் அடித்து, கூடவே தனிச் சங்கிலி ஒன்றையும் மாட்டுங்கள். ஃபேன் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள். வாடகை வீடென்றால் இந்த யோசனையே வேண்டாம்.

நான் சக்கரம் வைத்த மரச்சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் டாப்பை வண்டியில் இருப்பது போலவே படுக்கையாக உட்கார வைக்கிறேன். மேலே பழைய வேட்டி, அதற்கும் மேலே தளர்வாகத் தார்ப்பாய். தார்ப்பாயை நேரடியாகப் போட்டால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே எதையும் அடைக்காதீர்கள். ஒரு தடவை பழைய தலையணைகளை வைத்தேன், எலி குடித்தனம் வந்துவிட்டது.

கழற்றும் விஷயம் சுருக்கமாக. என் டாப்பில் 11 போல்ட், எல்லாம் 13 நம்பர் ஸ்பானர். முதல் நாள் இரவே டபிள்யூடி-40 அடித்து ஊற விடுங்கள். எல்லாவற்றையும் அரைச் சுற்றுத் தளர்த்திய பிறகே ஒன்றை முழுசாகக் கழற்றுங்கள். உள்விளக்கு ஒயர் கனெக்டரை மறந்துவிட்டுத் தூக்கினால் டாப் பாதி அந்தரத்தில் நிற்கும். நாலு பேர் வேண்டும், காற்றில்லாத காலை நேரம் வேண்டும். ஒருத்தர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். சாமி பல்லக்கு மாதிரி, ஒருத்தன் முந்தினால் மூலை இடிக்கும். என் மச்சான் முந்தினான், இடித்தது.

பாடி விளிம்பில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். எனக்குப் புது பீடிங் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. திரும்ப மாட்டும்போது பெரிய வாஷர் போட்டு, எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக முடுக்குங்கள். ஃபைபர் இரும்பல்ல, முரட்டுத்தனமாக இறுக்கினால் வெடிக்கும்.

இன்னொன்று, ஆர்சியைப் பாருங்கள். கம்பெனி தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகவே சொல்லியிருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. இன்சூரன்ஸ்காரர்களிடம் டாப் விஷயத்தை எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது.

இந்த வருஷம் ஏப்ரலில் மாட்டியபோது 11 போல்ட்டும் கையாலேயே இறங்கின. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனாலும் மாமியார் இன்னும் முன்சீட்டில்தான் உட்காருகிறார்.