லோட்செல்: நிறத்தை நம்பி வயர் மாட்டாதீர்கள்

கேள்வி: ஈரோடு பக்கம் மஞ்சள் கொள்முதல் செய்கிறேன். 300 கிலோ பிளாட்பாரத் தராசில் எடையை உணர்ந்து மின் சிக்னலாகத் தரும் லோட்செல் போய்விட்டது என்று ஆன்லைனில் 500 கிலோ செல் ஒன்று வாங்கினேன். தெரிந்த எலக்ட்ரீஷியன் பழைய செல்லில் எந்த நிறம் எங்கே இருந்ததோ அப்படியே மாட்டினார். டிஸ்பிளேயில் எண்ணே வரவில்லை, கோடு கோடாக நின்றது. அப்புறம் மாற்றி மாற்றிப் போட்டதில் எண் வந்தது, ஆனால் எடை வைத்தால் மைனஸில் போனது. இரண்டு வயரை இடம் மாற்றியதும் சரியாகி, காலையிலேயே கல் வைத்து கேலிப்ரேஷனும் (எடைக்கு எண்ணைச் சரிசெய்வது) செய்துவிட்டார். இப்போது காலையில் ஐந்து 20 கிலோ கல் வைத்தால் 100 கிலோ சரியாக வருகிறது, மதியம் அதே கற்கள் 100.400 காட்டுகின்றன. வெறும் தட்டில் சைபர்தான் நிற்கிறது. செல் டூப்ளிகேட்டா? திருப்பி அனுப்பலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை அப்படியே படித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரைத்தான்.

லோட்செல்லுக்குள் இருப்பது ஒரு வீட்ஸ்டன் பாலம், பள்ளி இயற்பியலில் படித்த அதேதான். நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களை (வளைந்தால் ஓம் மாறும் மெல்லிய பட்டைகள்) ஒரு சதுரமாக இணைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மின்சாரம் கொடுத்து (இதை எக்ஸைட்டேஷன் என்பார்கள்), மற்ற இரண்டு மூலைகளில் சிக்னல் எடுக்கிறார்கள். ஆக, நான்கு வயரும் இரண்டு ஜோடி. உலகத்தில் எல்லாக் கம்பெனியும் ஒரே நிறம் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. பல செல்களில் சிவப்பும் கருப்பும் எக்ஸைட்டேஷன், பச்சையும் வெள்ளையும் சிக்னல். ஆனால் பச்சையும் கருப்பும் எக்ஸைட்டேஷன், சிவப்பும் வெள்ளையும் சிக்னல் என்று வரும் செல்களும் நிறைய உண்டு. உங்கள் பழைய செல் முதல் வகை, புதியது இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு நிறம் மாட்டினால் மின்சாரம் பக்கத்துப் பக்கத்து மூலைகளுக்குப் போகும், சிக்னல் பக்கம் மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக வோல்ட் கணக்கில் வரும், இண்டிகேட்டர் (எண் காட்டும் பெட்டி) தாங்க முடியாமல் கோடு போடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எண் வந்ததே, அங்கேதான் சிக்கல். எதிரெதிர் மூலைகளில் மின்சாரம் கொடுத்தாலே பாலம் வேலை செய்யும், அது சரியான ஜோடியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எக்ஸைட்டேஷன் வயரில் சிக்னலையும் சிக்னல் வயரில் எக்ஸைட்டேஷனையும் மாட்டினாலும் எண் வரும், எடை வைத்தால் ஏறும், கேலிப்ரேஷனும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெயில் ஏறினால் உலோகம் கொஞ்சம் இளகும், அதே எடைக்குக் கூடுதலாக வளையும். அதை ஈடுகட்டப் பெரும்பாலான செல்களில் எக்ஸைட்டேஷன் வயரோடு வரிசையாகச் சிறு ரெசிஸ்டர்கள் வைத்திருப்பார்கள். ஜோடி மாறிவிட்டால் அந்த ரெசிஸ்டர்கள் சிக்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளும், அங்கே அவற்றால் ஒரு பயனும் இல்லை. 15 டிகிரி சூடு ஏறினால் 100 கிலோவுக்கு 300 கிராம், அரைக் கிலோ என்று கூடுதலாகக் காட்டும். சைபர் நகராமல், எடை வைத்தால் மட்டும் கூடுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது ரொம்ப உதவியாக இருந்தது.

இதை உறுதி செய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். செல்லின் நான்கு வயரையும் இண்டிகேட்டரிலிருந்து முழுக்கக் கழற்றுங்கள் (மாட்டியபடியே அளந்தால் அளவு பொய்யாக வரும்). நான்கு வயரில் ஆறு ஜோடி வரும், ஆறையும் அளந்து தாளில் எழுதுங்கள். வழக்கமான 350 ஓம் செல்லில் ஒரு ஜோடி 400 ஓம் பக்கம் காட்டும், அது எக்ஸைட்டேஷன். இன்னொரு ஜோடி சரியாக 350 பக்கம் நிற்கும், அது சிக்னல். மீதி நான்கும் ஏறக்குறைய 260 முதல் 315 வரை வரும், அவை பக்கத்து மூலைகள். 400-ம் 350-ம் இப்படித் தெளிவாகப் பிரியாமல் ஒட்டி ஒட்டி வந்தால் மீட்டரை நம்பாமல், செல்லோடு வந்த டெஸ்ட் சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள். அதில் செல்லின் சீரியல் எண்ணோடு வயர் நிறம், உள் ஓம் (எக்ஸைட்டேஷன் பக்கம்), வெளி ஓம் (சிக்னல் பக்கம்), ஒரு வோல்ட்டுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதெல்லாம் இருக்கும். அந்தத் தாள் வரவில்லை என்றால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். பிளஸ் எது மைனஸ் எது என்பதை மீட்டர் சொல்லாது, அதற்குக் கவலையும் வேண்டாம், எடை வைத்து மைனஸில் போனால் சிக்னல் வயர் இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஏன் இத்தனை கறார் என்றால், கணக்கைப் பாருங்கள்: வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல், இண்டிகேட்டர் தருவது 5 வோல்ட். 500 கிலோ முழு எடைக்கும் சிக்னல் 10 மில்லிவோல்ட்தான். உங்கள் தராசு காட்டும் ஒவ்வொரு 50 கிராமும் 1 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. களிம்பு பிடித்த ஒரு முறுக்கு ஜாயின்ட் அதை விழுங்கிவிடும்.

அடுத்து வருவதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் விவசாயியிடம் எடை போட்டு வாங்குகிறீர்கள், ஆகவே இது வணிகத் தராசு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி இதைப் பழுது பார்க்க உரிமம் பெற்றவர்தான் கை வைக்க வேண்டும், செல் மாற்றியபின் மறுமுத்திரை போடாமல் பயன்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்க்கும் வேலை. பழுதே வராவிட்டாலும் எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை வேண்டும். 50 கிராம் பிரிவுள்ள மூன்றாம் வகுப்புத் தராசில் (சாதாரண வணிகத் தராசின் துல்லிய வகுப்பு) 100 கிலோவுக்கு முத்திரையின்போது அனுமதிக்கும் பிழை 50 கிராம், உங்களுடையது 400 காட்டுகிறது. இன்று நஷ்டம் உங்களுக்கு. அந்த எலக்ட்ரீஷியன் மதியம் கேலிப்ரேஷன் செய்திருந்தால் காலையில் மூட்டை இறக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் அந்த நஷ்டம் போயிருக்கும், விவசாயிக்கு அது தெரிந்தே இருக்காது.

வயரைச் சரி செய்து, திரும்ப கேலிப்ரேஷன் செய்தபின்னும் மதியம் இப்படியே ஏறினால் அப்போது செல்லில்தான் கோளாறு, தாராளமாகத் திருப்புங்கள். விற்றவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய பொருள் ஆயிற்றே என்று தட்டிக்கழிப்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. பில்லையும், நீங்கள் எழுதிவைத்த ஆறு ஓம் அளவுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: அரிசி ஆலையில் நான்கு செல் வைத்த 2 டன் பிளாட்பாரம் போடப்போகிறோம். இண்டிகேட்டர் 20 மீட்டர் தள்ளி ஆபீஸில். டீலர், ஆறு வயர் கேபிள் வீண் செலவு, நாலு வயரே போதும் என்கிறார்.

பதில்: ஆறு வயரே வாங்குங்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.09 ஓம். 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி வந்தால் மூன்றரை ஓம். நான்கு செல்லும் பேரலலில் இருப்பதால் கேபிளின் அந்தக் கோடியில் மொத்தம் 100 ஓம்தான் இருக்கிறது, ஆகவே எக்ஸைட்டேஷனில் மூன்றரை சதவீதம் வழியிலேயே போய்விடும். கேலிப்ரேஷனில் அது அடங்கிவிடும் என்று டீலர் சொல்வார், அந்த நேரத்துக்கு அது உண்மைதான். ஆனால் செம்பின் ஓம் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் மாறும். கேபிள் வெயிலில் 15 டிகிரி சூடானால் இரண்டு டன்னில் ஏறக்குறைய 4 கிலோ வித்தியாசம் வரும். கூடுதல் இரண்டு வயர் செல் இருக்கும் இடத்திலேயே வோல்ட்டைப் பார்த்து இண்டிகேட்டருக்குச் சொல்கிறது, அது கழிவை ஈடுகட்டிக்கொள்கிறது. அவற்றுக்குப் பெயரே சென்ஸ் வயர்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சென்ஸ் வயரை ஜங்ஷன் பாக்ஸில்தான் (நான்கு செல்லின் வயரும் வந்து சேரும் பெட்டி) எக்ஸைட்டேஷனோடு சேர்க்க வேண்டும். ஆறு வயர் கேபிளை வாங்கிவிட்டு இண்டிகேட்டர் பின்னாலேயே சென்ஸை எக்ஸைட்டேஷனோடு இணைத்துவிட்டால் அந்தக் காசு வீண். இன்னொன்று, செல்லோடு பிறந்த நாலு வயர் கேபிளை நீளம் அதிகம் என்று வெட்டாதீர்கள், அந்த நீளத்தோடு சேர்த்துத்தான் கம்பெனியில் அளந்து எழுதியிருக்கிறார்கள், மீதியைச் சுருட்டி பாக்ஸுக்குப் பக்கத்தில் கட்டி வையுங்கள்.

ஜங்ஷன் பாக்ஸில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் எடை நிற்காமல் ஆடுகிறது, நான்கு செல்லையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். பாக்ஸைத் திறந்தால் கேபிள் நுழையும் துளையில் ரப்பரே இல்லை, அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஸ்க்ரூ எல்லாம் பச்சைக் களிம்பு. துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, டெர்மினல் பலகையை மட்டும் மாற்றியதும் எடை அசையாமல் நின்றது. நான்கு செல்லின் விலையை அவர்கள் அன்று தண்டமாகக் கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்கு நான்கு 50 கிலோ சென்சார், எச்எக்ஸ்711 போர்டோடு (சென்சார் சிக்னலைப் பெரிதாக்கி எண்ணாக்கும் சிறு பலகை) செட்டாக வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்று வயர்தான். போர்டில் நாலு முனை. என்ன செய்தும் எண் மாறவில்லை.

பதில்: தம்பி, அவை பாதிப் பாலங்கள், பாத்ரூம் எடைமெஷினில் வருபவை. முதலில் ஓம் பார். எந்த இரண்டு வயருக்கு நடுவில் 2000 ஓம் பக்கம் வருகிறதோ அவை இரண்டும் ஓரம், மூன்றாவது வயர் நடு (பெரும்பாலும் சிவப்பு), அதிலிருந்து ஓரங்களுக்கு 1000 ஓம் வீதம் வரும். நான்கையும் தரையில் மூலைக்கு ஒன்றாக வைத்துச் சுற்றிவர இணை: ஒன்றின் கருப்பு அடுத்ததன் கருப்போடு, அதன் வெள்ளை அதற்கடுத்ததன் வெள்ளையோடு, இப்படி வட்டம் மூடும்வரை. அப்புறம் நடு வயர்களில் குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டு ஈ பிளஸ், ஈ மைனஸுக்கு (எக்ஸைட்டேஷன்). மற்ற இரண்டு ஏ பிளஸ், ஏ மைனஸுக்கு (சிக்னல்). பக்கத்துப் பக்கத்து நடு வயர்களை ஈ பிளஸ், ஈ மைனஸில் மாட்டினால் எண் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வயர் சரியாக இருந்தும் எண் அசையவில்லை என்றால் சென்சாரை எப்படி உட்கார வைத்திருக்கிறாய் என்று பார். வெளிச்சட்டம் மட்டும் தாங்கப்பட்டு, நடு நாக்கு அந்தரத்தில் இருக்க வேண்டும். தட்டையாகப் பலகையில் ஒட்டிவிட்டால் அது வளையவே வழியில்லை. வளையாமல் எடை தெரியாது.

கேள்வி: பக்கத்தில் மோட்டார் ஓடினால் எடை தாவுகிறது. புது இண்டிகேட்டர் வாங்கலாமா?

பதில்: முதலில் கேபிளின் ஷீல்டைப் (வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) பாருங்கள், அதிலிருந்து வரும் மொட்டைக் கம்பி பல இடங்களில் வெட்டி எறியப்பட்டிருக்கும். இண்டிகேட்டர் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும், இரண்டு முனையும் சேர்த்தால் எர்த் வழியே மின்னோட்டம் சுற்றி இரைச்சல் கூடும். செல் கேபிளை மோட்டார் கேபிள் போகும் அதே பைப்பில் விடாதீர்கள், அரை மீட்டராவது தள்ளி எடுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். பிளாட்பாரத்தில் வெல்டிங் வேலை இருந்தால் செல் கேபிளை இண்டிகேட்டரில் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மின்னோட்டம் செல் வழியாகப் பாய்ந்தால் அந்தச் செல்லைக் காப்பாற்ற முடியாது.