நங்கநல்லூர் வீட்டை விற்பது குறித்து

வணக்கம். உயில் எழுதாமல் மறைந்த தங்கள் தந்தையின் சென்னை நங்கநல்லூர் தனி வீட்டுக்குக் கட்டுமான நிறுவனத்தார் மனை விலை மட்டுமே சொல்வதாகவும், குடும்பமாகப் பார்க்க வருபவர்கள் மீண்டும் வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பள்ளியும் கோயிலும் நடக்கும் தொலைவில் வேண்டுமென்று வருபவர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார்கள். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்), வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே கடன் கிடைக்கும் என்பதால், வெள்ளையடிப்பதற்கு முன் ஆவணங்களைச் சீர்செய்யுங்கள். முதலில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவைத் தங்கள் தாயார் உள்ளிட்ட வாரிசுகள் அனைவர் பெயருக்கும் மாற்றுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகிச் சென்ற தங்கைக்கும் சம பங்கு உண்டு. கிரயப் பத்திரத்தில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், அவர் கையெழுத்து அவசியம். மாடியில் பின்னர் எழுப்பிய அறை ஏதேனும் வரைபடத்தில் இல்லாவிட்டால், வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.