விம் எடிட்டரில் கலப்பு மொழிக் கோப்புகள்: கேள்வி பதில்

விம் உரை எடிட்டரில், ஒரே கோப்பில் இரண்டு மொழிகள் கலந்து வரும்போது நிரலைப் பிரித்துக் காட்டும் நிறங்கள் குழம்புவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்பில் எழுதும் பைத்தான் நிரல் துண்டுகள் ஒரே நிறத்தில் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: எந்தெந்த மொழிக்கு நிறம் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விம்ஆர்சி என்ற விம்மின் அமைப்புக் கோப்பில் 'ஜி:மார்க்டவுன்_ஃபென்ஸ்டு_லாங்க்வேஜஸ்' என்ற மாறிக்கு ஒரு பட்டியல் கொடுங்கள். 'ஜேஎஸ்' என்று சுருக்கி எழுதும் வழக்கம் உள்ளவர்கள் 'ஜேஎஸ்=ஜாவாஸ்கிரிப்ட்' என்று சேர்க்கலாம். ஆசைக்கு இருபது மொழிகளைப் போட்டுவிடாதீர்கள். அத்தனை சின்டாக்ஸ் கோப்புகளையும் (ஒவ்வொரு மொழிக்குமான நிற விதிகள்) ஏற்றிய பிறகுதான் உங்கள் கோப்பு திறக்கும்.

கேள்வி: சேர்த்துவிட்டேன் ஐயா. ஆனால் கோப்பின் நடுவே தாவினால் உரை நிரல்போலவும் நிரல் உரைபோலவும் தெரிகிறது.

பதில்: விம் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. திரைக்கு மேலே சில வரிகள் பின்னோக்கிப் போய், அங்கிருந்து கணக்கிடுகிறது. மார்க்டவுனுக்கு அது 50 வரிகள். உங்கள் துண்டு அதைவிட நீளமானால் துண்டைத் தொடங்கிவைக்கும் குறி அதன் கண்ணில் படாது. முடிவுக் குறியையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். 'ஜி:மார்க்டவுன்_மின்லைன்ஸ்' மாறியில் எண்ணை உயர்த்துங்கள். முதல் வரியிலிருந்தே படிக்கச் சொல்லும் 'சின்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட்' என்ற கட்டளையும் உண்டு. பெரிய கோப்புகளில் அது மெதுவாகும்.

கேள்வி: பைத்தான் சரங்களுக்குள் (மேற்கோளுக்குள் வரும் உரை) எழுதும் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியின் வினவல்களுக்குத் தனி நிறம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், கொஞ்சம் கைவேலை இருக்கிறது. விம் அமைப்புக் கோப்புறையில் 'ஆஃப்டர்/சின்டாக்ஸ்/பைத்தான்.விம்' என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். முதலில் 'பி:கரன்ட்_சின்டாக்ஸ்' மாறியை 'அன்லெட்' கட்டளையால் நீக்க வேண்டும். அது இருக்கும்வரை எஸ்கியூஎல்லின் சின்டாக்ஸ் கோப்பு, வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடும். பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். அடுத்து 'சின்டாக்ஸ் இன்க்ளூட்' கட்டளையால் அந்தக் கோப்பைச் சேர்த்து, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று சொல்லும் ஒரு 'ரீஜன்' வரையறுங்கள். தொடக்க அடையாளமாக மூன்று மேற்கோள்களை ஒட்டி '-- எஸ்கியூஎல்' என்று (நடுவே ஓர் இடைவெளி விட்டு) எழுதுவதே என் பரிந்துரை. தரவுத்தளத்துக்கு அது வெறும் குறிப்புரை, தீங்கில்லை. ரீஜனில் 'கீப்எண்ட்' சேர்க்க மறந்தால், வினவலுக்குள் மூடாமல் விட்ட ஒரே ஒரு மேற்கோள் மீதிக் கோப்பு முழுவதையும் விழுங்கிவிடும். கடைசியில், முதலில் நீக்கிய மாறிக்குப் 'பைத்தான்' என்ற மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: விம்மின் கிளையான நியோவிம்மும், நிரலின் கட்டமைப்பைப் படித்து நிறமிடும் ட்ரீ-சிட்டரும் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை. நீங்கள் விதியை எழுத வேண்டியது 'கொயரீஸ்/பைத்தான்/இன்ஜெக்ஷன்ஸ்.எஸ்சிஎம்' கோப்பில். அதன் முதல் வரியில் அரைப்புள்ளியிட்டு 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே உள்ள விதிகளோடு உங்களுடையது சேராது.

கேள்வி: எழுத்துப்பிழை சோதனையை இயக்கினால் தமிழ்க் குறிப்புரைகள் எல்லாம் பிழை என்று சிவக்கின்றன.

பதில்: விம் ஆங்கில அகராதியை வைத்துத் தமிழைத் திருத்தப் பார்க்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வீச்சு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அந்த வீச்சுக்கு ஒரு 'சின்டாக்ஸ் மேட்ச்' எழுதி, அதில் '@நோஸ்பெல்' (பிழை சோதிக்காதே), 'டிரான்ஸ்பேரன்ட்' (நிறத்தை மாற்றாதே) இரண்டையும் சேருங்கள். குறிப்புரைக்குள்ளும் அது செல்லுபடியாக 'கன்டெய்ன்டுஇன்' வேண்டும். குறிப்புரையின் நிறம் அப்படியே இருக்கும். ஆங்கிலச் சொற்களின் பிழைகள் மட்டும் தெரியும்.