சாட்டிலைட் இருக்கும்போது கடலுக்கடியில கேபிள் எதுக்கு?

கேள்வி: சென்னையில இருந்து அந்தமானுக்கு கடலுக்குள்ள கேபிள் போட்டாங்களே, அதான் சாட்டிலைட் இருக்கே, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்? - கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: நல்ல கேள்விம்மா. அந்தக் கேபிளை 2020 ஆகஸ்ட்ல தொறந்தாங்க, மத்த தீவுகளுக்குப் போறதையும் சேர்த்து மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி அங்க நெட்டுன்னா சாட்டிலைட்தான், அது நிக்கிறது 36,000 கிலோமீட்டர் உயரத்துல, சிக்னல் மேல போயி கீழ எறங்கவே கிட்டத்தட்ட கால் செகண்ட், பதில் வர இன்னொரு கால் செகண்ட், போன்ல ரெண்டு பேர் பேச்சும் மோதிக்கும். கேபிளுக்குள்ள இருக்கற ஃபைபர்ல, அதாவது கண்ணாடி இழையில, ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுது, அதனால போர்ட் பிளேருக்கு (இப்போ ஸ்ரீ விஜயபுரம்) 10 மில்லிசெகண்ட்கூட ஆகாது. அதைவிட முக்கியம், ஃபைபர் தாங்கற டேட்டா அளவுக்கு சாட்டிலைட் பக்கத்துலயே வர முடியாது.

அந்தக் கண்ணாடி இழை தலைமுடி தடிமன்தான், ஒளி ஓடற நடுப்பகுதி அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல! எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். கடல் கேபிள்ல சுத்தி ஸ்டீல் கம்பி, செம்பு, பிளாஸ்டிக் உறை இருக்கும், செம்பு வழியா போற கரண்ட்லதான் நடுவுல இருக்கற ரிப்பீட்டர் (மங்கிப்போற சிக்னலுக்கு பலம் கூட்டற கருவி) வேலை செய்யுது.

இதோட ஒப்பிட, உங்க லேப்ல கம்ப்யூட்டர்களை இணைக்கற லேன் வயரைப் பிரிச்சுப் பாருங்க, அதுல செம்புக் கம்பிங்க ஜோடி ஜோடியா முறுக்கியிருக்கும், வெளி இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறி கழிஞ்சு போகத்தான் அந்த முறுக்கு. ஆனா அதை 100 மீட்டருக்கு மேல நீளமா போடாதீங்க, சிக்னல் மங்கிடும்.