கேள்வி–பதில்: இடிபாட்டில் உருவான பறவை

கேள்வி: சீனக் கலைஞர் ஷூ பிங்கின் ‘ஃபீனிக்ஸ்’ சிற்பங்களைப் படத்தில் பார்த்தேன். கட்டடக் கழிவுகளைக் கோத்துப் பறவை செய்திருக்கிறார். இதைச் சீன மரபின் தொடர்ச்சி என்று பலர் எழுதுகிறார்கள். பழைய இரும்பில் மரபு எங்கே இருக்கிறது?

பதில்: முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். எரிந்து சாம்பலாகி மீண்டும் எழும் ஃபீனிக்ஸ் மேற்கத்தியக் கதைப் பறவை. ஷூ பிங் செய்தது ஃபெங்ஹுவாங். ஃபெங் ஆண், ஹுவாங் பெண். நல்லாட்சியும் அமைதியும் நிலவும் காலத்தில் தோன்றும் மங்கலப் பறவை என்று சீனர்கள் நம்பினார்கள். அது சாம்பலிலிருந்து எழுவதில்லை. ஆங்கிலப் பெயரால் வந்த இந்தக் குழப்பத்தில், ‘இடிபாட்டிலிருந்து மறுபிறப்பு’ என்று எழுதித் தள்ளியவர்கள் ஏராளம்.

பெய்ஜிங்கில் எழுந்துகொண்டிருந்த உலக நிதி மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவிலுள்ள கண்ணாடி முற்றத்துக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்று 2008-இல் ஷூ பிங்கைக் கேட்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டு, மத்திய நுண்கலைக் கழகத்தின் துணைத் தலைவராக அவர் நாடு திரும்பியிருந்த நேரம் அது. கட்டுமானத் தளத்தைப் பார்க்கப் போனவருக்கு, எழும்பவிருந்த ஆடம்பரக் கோபுரத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டிருந்த, கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் நிலைக்கும் இடையிலிருந்த தூரம் அதிர்ச்சி தந்தது. அந்தத் தளத்திலேயே கிடந்த பொருள்களைக் கொண்டு, அத்தகைய தொழிலாளர்களின் கைகளையே துணையாக வைத்துக்கொண்டு, பறவைகளைச் செய்வதென்று முடிவெடுத்தார். சில மாதங்களில் முடியவேண்டிய வேலை இரண்டு ஆண்டுகள் நீண்டது.

தொலைவிலிருந்து பார்த்தால் கம்பீரமான இரு பறவைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 முதல் 30 மீட்டர் நீளம், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 12 டன் எடை. நெருங்கிப் போனால் இறகுகள் மண்வாரிகளாகின்றன, கொண்டை வெயிலில் வெளிறிய தலைக்கவசங்களாகிறது, தலை கான்கிரீட் உடைக்கும் எந்திரமாகிறது. உடலுக்குள் குறடும் ரம்பமும் திருப்புளியும் மடிப்பு மடிப்பான நெகிழிக் குழாய்களும் தெரிகின்றன. இரவில் உள்ளிருக்கும் சிறு விளக்குகள் எரியும்போது இரும்பு மறைந்து, நட்சத்திரக் கூட்டம்போலப் பறவையின் வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேவலின் தலை, பாம்பின் கழுத்து, ஆமையின் முதுகு, மீனின் வால் என்று ஃபெங்ஹுவாங்கைப் பழைய சீன உரைகள் வருணிக்கின்றன. அதாவது அந்தப் பறவை தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு உயிர்களின் உறுப்புகளை ஒட்டி உருவான ஒன்று. கிடைத்ததைச் சேர்த்துப் புனிதமானதைச் செய்வது என்ற அந்த முறையைத்தான் ஷூ பிங் எடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து. டிராகன் உருவத்தையும் சிவப்பு விளக்கையும் எஃகில் வார்த்து நாற்சந்தியில் நிறுத்திவிட்டு மரபு என்று சொல்லிக்கொள்ளும் வேலைகளிலிருந்து இது விலகி நிற்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: அவர் உருவாக்கிய எழுத்துகளை யாராலும் படிக்க முடியாது என்கிறார்களே, அதுவும் மரபில் சேருமா?

பதில்: 1988-இல் பெய்ஜிங்கில் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த ‘வானத்து நூல்’ என்ற படைப்பைக் குறிப்பிடுகிறீர்கள். சீன எழுத்தைப் போலவே தோன்றும், ஆனால் எந்த அகராதியிலும் இல்லாத, ஏறத்தாழ 4,000 எழுத்துருக்களை ஆண்டுக்கணக்கில் மரத்தில் செதுக்கி, பழைய முறையிலேயே அச்சிட்டு, நூலால் தைத்துக் கட்டினார். படிக்கத் தெரிந்த சீனர்கள்தாம் அதன்முன் அதிகம் தடுமாறினார்கள். பொருளை முற்றிலும் நீக்கிவிட்ட பிறகும் செதுக்கலும் அச்சும் கட்டும் அப்பழுக்கின்றி நிற்கின்றன. கைத்தொழிலின் பங்கு அங்கே தனியாகத் தெரிகிறது. பின்னாளில் அவர் இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்தார். ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் சீனச் சதுர எழுத்துப்போல ஒரு வடிவம் அமைத்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக 1999-இல் அவர் செய்த பெரிய பதாகையில், ‘கலை மக்களுக்கே’ என்ற பொருள்தரும் தொடர் அந்த எழுத்தில் இருந்தது. அதைச் சீனம் என்று நினைத்துக் கடந்துபோகும் ஆங்கிலம் பேசுபவர்கள், சற்று நின்றால் தம் மொழியையே படித்துவிடலாம்.

கேள்வி: தொழிலாளர்களைப் போற்றும் பறவைகளைச் செல்வந்தர் ஒருவர் வாங்கியது முரண் இல்லையா? அதைப் பொதுக் கலை என்று சொல்லலாமா?

பதில்: முரண்தான். சிற்பத்தைக் கேட்டவர்கள் பின்வாங்கிய பிறகு தைவானின் கணினித் தொழிலதிபர் பேரி லாம் அதை வாங்கினார். அவர் வாங்கியிராவிட்டால் பறவைகள் முழு வடிவம் பெற்றிருக்குமா என்பதே ஐயம். ஆனால் உரிமை ஒருவரிடம் இருந்தாலும் அவை ஓரிடத்தில் அடைந்து கிடக்கவில்லை. 2010-இல் ஷாங்காய் உலகக் கண்காட்சி, 2014-இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயம், 2015-இல் வெனிஸின் பழைய கப்பல்துறை நீர்ப்பரப்பு என்று அவை ஊர் ஊராகத் தொங்கியிருக்கின்றன. பேராலயத்தின் உயர்ந்த நடுமண்டபத்தில் அவை மிக அழகாக இருந்தன என்று பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், 2010-இல் பெய்ஜிங்கின் டுடே கலை அருங்காட்சியகத்துக்கு வெளியே, கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே நகரத்தின் திறந்த வானத்தில் அவை தொங்கியதுதான் பொருத்தமான இடம் என்பேன். தான் பிடித்த மண்வாரி எந்த இறகில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கக்கூடியவர்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.